ஈரானின் போதைப்பொருள் சட்டம்: கேள்வி பதில்

கேள்வி: ஈரானில் போதைப்பொருள் கடத்தினால் தூக்கு. இது குர்ஆன் சொல்லும் தண்டனைதானே?

இல்லை. மார்க்கம் அளவு வகுத்துவிட்ட தண்டனைக்கு 'ஹத்' என்று பெயர். மது குடித்தால் 80 கசையடி என்பது அந்த வகை. அபினும் ஹெராயினும் அரசு தீர்மானிக்கும் 'தஅஸீர்' வகையில் வருகின்றன. 1988இல் இந்தச் சட்டத்தைப் போட்டது நாடாளுமன்றம்கூட அல்ல. அரசின் நலன் எது என்று முடிவுகட்ட அப்போதைய உச்சத் தலைவர் கொமெய்னி அதே ஆண்டு உருவாக்கிய மன்றம்தான் போட்டது. மரண தண்டனைக்கு மார்க்க முத்திரை வேண்டுமே, அதற்காகக் கடத்தல்காரரைப் 'பூமியில் குழப்பம் செய்பவர்' என்ற தலைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். புரட்சிக்கு முன் ஆண்ட மன்னர் ஷா காலத்திலேயே, 1969இல், கடத்தலுக்கு மரண தண்டனை இருந்தது என்பதை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எத்தனை கிராமுக்கு என்ன தண்டனை?

சட்டத்தின் உயிரே தராசுதான். அபின், கஞ்சா வகைகளுக்கு 4ஆம் பிரிவு: விற்பனை, கடத்தல் என்றால் 50 கிராம் வரை அபராதமும் 50 கசையடி வரையும். 500 கிராமுக்கு மேல் 5 கிலோ வரை 50 முதல் 74 கசையடி, 2 முதல் 5 ஆண்டு சிறை. 5 கிலோவைத் தாண்டினால் மரணம் என்று இருந்தது. வெறுமனே வைத்திருந்தால் 5ஆம் பிரிவு. அது கொஞ்சம் இளகியது.

ஹெராயின், மார்ஃபின், கோக்கைனுக்கான 8ஆம் பிரிவில் விற்றாலும் வைத்திருந்தாலும் ஒன்றுதான். 1 முதல் 4 கிராம் வரை 2 முதல் 5 ஆண்டு. 4 முதல் 15 கிராம் வரை 3 முதல் 8 ஆண்டு. 15 முதல் 30 கிராம் வரை 10 முதல் 15 ஆண்டு. அதற்கு மேல் தூக்கு என்று 2017 வரை இருந்தது. 9ஆம் பிரிவு இன்னும் கடுமை: பலமுறை பிடிபட்ட அளவுகளைக் கூட்டி 30 கிராம் தாண்டினாலும் தூக்குதான் என்று இருந்தது. அங்கே 'ஷீஷே' எனப்படும் ஐஸ் போதையை 2010 திருத்தம் 8ஆம் பிரிவில் சேர்த்தது.

கேள்வி: 2017இல் மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள் என்று படித்தேனே?

எடுக்கவில்லை, எல்லையைத் தள்ளிவைத்தார்கள். அபின், கஞ்சாவுக்கு 5 கிலோ 50 கிலோவானது. ஹெராயின் போன்றவற்றுக்கு விற்பனை, கடத்தல் என்றால் 2 கிலோ, வைத்திருந்தால் 3 கிலோ. எல்லைக்குள் இருந்தால் மரணத்துக்குப் பதில் 30 ஆண்டு வரை சிறை. நவம்பர் 2017இல் அமலான இந்தத் திருத்தம், ஏற்கெனவே மரண தண்டனை பெற்றிருந்தவர்களுக்கும் பொருந்தியது.

ஆனால் இந்தப் புதிய எல்லையைத் தாண்டாவிட்டாலும் தூக்குக்கு அனுப்பும் வழிகளும் அதிலேயே உண்டு: கும்பலில் ஒருவராவது ஆயுதம் வைத்திருந்தது, தலைவராகவோ பணம் போட்டவராகவோ இருந்தது, 18 வயதுக்குட்பட்டவரைப் பயன்படுத்தியது, முன்பே மரணம், ஆயுள் அல்லது 15 ஆண்டுக்கு மேல் தண்டனை பெற்றிருந்தது. 'தலைவர்' யார் என்பதை எவ்வளவு நீட்டலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் தூக்கு குறைந்ததா, இல்லையா?

முதலில் குறைந்தது, பிறகு ஏறியது. நார்வேயிலிருந்து இயங்கும் ஈரான் மனித உரிமைகள் அமைப்பின் கணக்கில் போதைப்பொருள் வழக்குகளில் 2017இல் 231 பேர், 2018இல் 24, 2020இல் 25, 2021இல் 126, 2022இல் 256, 2023இல் 471, 2024இல் 503. இத்தனைக்கும் 2017க்குப் பிறகு அந்த எல்லைகள் மாறவே இல்லை. கடத்தல் திடீரென்று இருபது மடங்கா பெருகியது? என் கணிப்பில், தூக்குமேடைக்கு ஆள் அனுப்பும் அரசியல் துணிச்சல்தான் கூடியது. தூக்கிலிடப்படுவோரில் பலூச்சிகள் என்ற சிறுபான்மை இனத்தவர் மக்கள்தொகை விகிதத்தை விடப் பல மடங்கு அதிகம். அவர்கள் வாழ்வது ஆப்கான் எல்லையை ஒட்டிய வறண்ட மாகாணம், வேலை இல்லை, சரக்கு போகும் பாதையும் அதுதான். பிடிபடுவது பெரும்பாலும் சுமந்து போனவர்; சரக்குக்குச் சொந்தக்காரர் அல்ல.

கேள்வி: மேல்முறையீடு உண்டா?

வழக்கு போவது 1979 புரட்சிக்குப் பின் அமைத்த தனி நீதிமன்றமான புரட்சி நீதிமன்றத்துக்கு. 32ஆம் பிரிவின்படி முன்பு உச்ச நீதிமன்றத் தலைவரோ தலைமை அரசு வழக்கறிஞரோ ஒப்பமிட்டால் போதும், மேல்முறையீடே கிடையாது. 2015இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை நீக்கி, உச்ச நீதிமன்றத்துக்குப் போக வழி விட்டது. ஆனால் அங்கே பார்ப்பது பெரும்பாலும் கோப்பைத்தான். விசாரணையின் தொடக்கத்திலேயே வாங்கிய வாக்குமூலம் அந்தக் கோப்பில் உட்கார்ந்திருந்தால் வழக்கறிஞர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

கேள்வி: வெளிநாட்டவருக்கு?

சலுகை இல்லை. ஆப்கானியர் பலர் தூக்கிலிடப்பட்டிருக்கிறார்கள்.

கேள்வி: போதைக்கு அடிமையானவரையும் அடிப்பார்களா?

இங்கேதான் அந்த அரசு ஆச்சரியப்படுத்தும். 15ஆம் பிரிவின்படி சிகிச்சைக்குப் பதிவு செய்து சான்று வைத்திருப்பவர் மீது, அடிமையாக இருப்பதற்காக வழக்கு கிடையாது. சான்று இல்லாமல் பிடிபட்டால் 16ஆம் பிரிவின்படி 1 முதல் 3 மாதம் கட்டாய முகாம். தேவையென்றால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாகத் தரும் மெத்தடோன் மருந்தும் சுத்தமான ஊசியும் தரும் திட்டங்களுக்கு நீதித்துறைத் தலைவரே 2005இல் சுற்றறிக்கை விட்டு இடம் கொடுத்தார். சிறைக்குள்ளும் மெத்தடோன் கிடைக்கிறது.

கேள்வி: மதுவுக்கும் இப்படித்தானா?

மது ஹத் என்பதால் அங்கே தராசுக்கு வேலையில்லை. ஒரு மிடறு குடித்தாலும் 80 அடிதான். ஆனால் இரண்டு முறை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது சாட்சி வேண்டும். மூன்று முறை தண்டனை நிறைவேறி நான்காவது முறையும் குடித்தால் 2013 தண்டனைச் சட்டத்தின்படி மரணம்.