ஒயின் படிப்பா? ஆமாம், ஒயின் படிப்புதான்

அடிலெய்டில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க போன வாரம் என்னைப் பார்க்க வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, வேதியியலில் கெட்டி. விடுமுறையில் மெக்லாரன் வேலில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள், இனி ஒயின் வியாபாரம்தான் என்கிறாள். அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. மெல்பர்ன் மாமா பல் மருத்துவத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். கோயம்புத்தூர்ப் பாட்டி வேறு, "சாராயம் விக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று கேட்டாராம்.

பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் போதும் என்று தோன்றியது. பல் மருத்துவம் மாமாவின் ஆசை. பெண்ணுக்கு அதில் துளியும் நாட்டமில்லை. உள்ளூரில் சீட் கிடைக்காவிட்டால் வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் சேர்ப்பதாம். வேண்டாம். அதற்கு என்னிடம் இரண்டாவது பதில் இல்லை. மருத்துவம், ஐ.டி. பற்றியெல்லாம் உங்கள் வாட்ஸ்அப் குழுவே தினமும் பாடம் நடத்துகிறது, நான் விட்டுவிடுகிறேன்.

ஆஸ்திரேலியா தயாரிக்கும் ஒயினில் பாதிக்கும் மேல் வெளிநாடு போகிறது. நல்ல ஒயின் செய்ய இங்கே ஆள் உண்டு. வெளியே அதற்கு இருக்கும் பெயர்தான் சிக்கல். 2001இல் அமெரிக்கச் சந்தைக்குப் போன யெல்லோ டெயில் என்ற ஆஸ்திரேலிய ஒயின், லேபிளில் ஒரு வாலபி (சின்னக் கங்காரு மாதிரி) படத்தோடு, மலிவாக, அமோகமாக விற்றது. ஆஸ்திரேலிய ஒயின் என்றாலே மலிவுச் சரக்கு என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. பிரிட்டனுக்குப் போவதில் பெரும்பகுதி, கன்டெய்னருக்குள் 24,000 லிட்டர் பையில் போய், அங்கேயே பாட்டிலாகி, சூப்பர்மார்க்கெட் தள்ளுபடி அலமாரியில் நிற்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் செய்யும் ரீஸ்லிங் என்ற நல்ல வெள்ளை ஒயின் அந்த அலமாரிக்கு வருவது குறைவு. சீனாவில் கதை தலைகீழ். பென்ஃபோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஒயின் அங்கே கௌரவமான பரிசுப்பொருள். ஆனால் 2021 மார்ச்சில் ஆஸ்திரேலிய ஒயினுக்கு 116 முதல் 218 சதவீதம் வரை இறக்குமதித் தீர்வை விதித்தார்கள். 2024 மார்ச் வரை அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட் பகுதியில் சிவப்புத் திராட்சை விவசாயிகள் விலையில்லாமல் தவித்தார்கள். ஆகவே இது பொன் விளையும் தொழில் என்று நான் சொல்லவில்லை.

இந்தியாவைப் பாருங்கள். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தால் 2022 டிசம்பர் 29 முதல், ஆஸ்திரேலிய ஒயினில் 5 அமெரிக்க டாலருக்குக் குறையாத இறக்குமதி விலையுள்ள பாட்டிலுக்குத் தீர்வை 150 சதவீதத்திலிருந்து 100 ஆனது. 15 டாலருக்குக் குறையாத பாட்டிலுக்கு 75. படிப்படியாக இன்னும் இறங்கும். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் லேபிள் பதிவும் கலாலும் வேறு, தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். இந்த முடிச்சை அவிழ்க்க, ருசியும் சட்டமும் இரண்டு ஊர்ப் பேச்சும் தெரிந்த ஒருத்திக்கு என்ன மதிப்பு என்று மாமாவிடமே கேளுங்கள்.

"வியாபாரம்தானே, காமர்ஸ் சேரட்டுமே" என்றார் அப்பா. கூடாது. அரசு மானிய இடங்களில் காமர்ஸ் பாடங்களுக்கு மாணவர் கட்டும் பங்கு உச்ச அடுக்கு; வேளாண் பாடங்களுக்கு அடி அடுக்கு. படிப்புக் கடனைக் கட்டப்போவது அவள். அடிலெய்டிலேயே, பல்கலைக்கழகத்தின் வெய்ட் வளாகத்தில் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் சேர்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது; நாட்டின் ஒயின் ஆராய்ச்சி நிறுவனமும் அதே வளாகத்தில்தான். ஈஸ்ட், அமிலம், மண் எல்லாம் அங்கே கற்கட்டும். நியூ சவுத் வேல்ஸின் வாக வாகா ஊரில் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் இன்னொரு வழி. கூடவே டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற பன்னாட்டு ஒயின் பயிற்சி அமைப்பின் மூன்றாம் நிலைச் சான்றிதழ். லேபிளில் பரோசா என்று ஒரு ஒயின் வட்டாரத்தின் பெயரைப் போட்டால் 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும், 100 லிட்டருக்கு மேல் அனுப்ப 'ஒயின் ஆஸ்திரேலியா' என்ற அரசு அமைப்பின் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்பதுபோன்ற விதிகள் அவளுக்குத் தலைகீழாக வரவேண்டும். வெளிநாட்டு வாங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான்.

அம்மாவின் பயம் வேறு: பெண் குடிக்கப் பழகிவிடுவாளோ? ருசிப் பரிசோதனையில் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள், அதற்கென்றே தொட்டி வைத்திருப்பார்கள். நாற்பது கோப்பையை விழுங்கிவிட்டு யாராலும் மதிப்பெண் போட முடியாது.

பிப்ரவரி, மார்ச்சில் திராட்சை அறுவடை மும்முரம். சேர்க்கை கிடைத்ததும் ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வழி இருக்கும். ஒரு சீசன் முழுக்க அவள் பீப்பாய் கழுவட்டும். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்றால், மாமாவிடம் நான் பேசுகிறேன்.