ஷெரீபும் அமீனாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் குடியேறிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் டென்மார்க்கில் பிறந்த கிறிஸ் மேட்சன் பெயரைப் பார்த்தேன். அவரை ஷெரீப் என்று சொல்லலாமா? ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஒரு டேனிஷ் விவசாயி எப்படி ஷெரீப் ஆக முடிந்தது? துப்பாக்கிச் சண்டை தவிர அந்த வேலையில் என்ன இருந்தது? சென்னையில் இருந்த ஷெரீப் பதவி வெறும் அலங்காரம்தானே?

— வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

மேட்சன் ஷெரீப் அல்ல. 1891-இல் ஓக்லஹோமா பிரதேசத்தில் டெபுடி மார்ஷல் ஆனவர். மார்ஷல் மத்திய அரசின் ஆள். ஷெரீப், ஊர் ஓட்டுப் போட்டு உட்காரவைக்கும் ஆள். மேட்சனின் கூட்டாளி பில் டில்மன்தான் பிறகு லிங்கன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஷெரீபாக ஜெயித்தார். தன் ஐரோப்பிய நாட்களைப் பற்றி மேட்சன் சொன்ன வீரக்கதைகளும் நிற்கவில்லை. டேனிஷ் ஆவணங்களில் அவர் மோசடிக்கும் பிச்சையெடுத்ததற்கும் தண்டனை பெற்றவர். அவரை விட்டுவிடுவோம். அயோவாவின் எல்க் ஹார்ன், நெப்ராஸ்காவின் டேனப்ரோக், மின்னசோட்டாவின் டைலர் போன்ற டேனிஷ் ஊர்களைச் சுற்றியிருந்த கவுண்டிகளைப் பார்த்தால் அந்த வேலை புரியும்.

டேனிஷ் விவசாயி டென்மார்க்கில் அறிந்திருந்த அதிகாரி ஹெரெட்ஸ்ஃபோகெட். மன்னர் நியமித்தவர், சட்டம் படித்தவர். போலீஸும் அவரே, நீதிபதியும் அவரே. 1919 வரை அங்கே அப்படித்தான். அமெரிக்க ஷெரீபுக்குப் படிப்பு தேவையில்லை, தீர்ப்பு சொல்லும் அதிகாரமும் இல்லை. நீதிபதி எழுதியதை நடத்திக் காட்டுவதே வேலை. நம்மூர் அமீனா (கோர்ட்டு உத்தரவைக் கொண்டுபோய் நிறைவேற்றுபவர்), ஜெயிலர், இன்ஸ்பெக்டர் மூவரையும் ஒரே தொப்பிக்குள் வைத்தால் அவர்தான். சென்னை ஷெரீபும் தொடக்கத்தில் சம்மன் சேர்த்து, ஜப்தி செய்தவர்தான். அலங்காரம் பிறகு வந்தது.

குடியுரிமைக்கு 5 ஆண்டு வசிக்க வேண்டும். ஆனால் நெப்ராஸ்காவில், குடியுரிமை பெறப்போகிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தவருக்கே 1918 வரை ஓட்டு இருந்தது. அதற்காக டேனிஷ் ஓட்டு மொத்தமாக ஒருவருக்கு விழும் என்று எண்ண வேண்டாம். 1894-இல் அவர்களுடைய திருச்சபையே இரண்டாகிவிட்டது. நடனமும் பாட்டும் உண்டு என்றவர்கள் ஒருபுறம், அதெல்லாம் பாவம் என்றவர்கள் மறுபுறம்.

ஜெயித்தவர் முதலில் கொடுக்க வேண்டியது ஜாமீன் பத்திரம். கையெழுத்திடுபவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார். ஷெரீப் தவறான ஆளின் மாட்டை ஜப்தி செய்தாலும், ஜப்தி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும், பாதிக்கப்பட்டவர் அவர்மீதும் ஜாமீன்தாரர்கள்மீதும் வழக்குப் போடலாம். அதனால் மாடு யாருடையது என்று சந்தேகம் வந்தால், அனுபவமுள்ள ஷெரீப் முதலில் கடன் கொடுத்தவரிடமிருந்து, நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்ற உறுதியை எழுதி வாங்கிக்கொள்வார்.

சம்மனில்தான் டேனிஷ் தொல்லை. தந்தை பெயரோடு 'சென்' சேர்ந்தால் குடும்பப்பெயர். நம் இனிஷியலின் தம்பி. ஒரே சாலையில் மூன்று ஹான்ஸ் நீல்சன் இருந்தால் சம்மன் எந்தக் கதவுக்கு? பண்ணை எது, மனைவி யார் என்று டேனிஷில் விசாரிக்கத் தெரிந்தவருக்கு இது எளிது. யாரிடம், எங்கே, என்று, எப்படிக் கொடுத்தேன் என்று எழுதி நீதிமன்றத்துக்குத் திருப்பவேண்டும். அந்தக் குறிப்பில் பிழை இருந்தால் பின்னால் வரும் தீர்ப்பே ஆட்டம் காணும்.

அன்று பல கவுண்டிகளில் சிறையும் ஷெரீபின் வீடும் ஒரே கட்டடம். கைதிகளுக்குச் சமைத்தவர் அவர் மனைவி. கவுண்டி தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும். சாப்பாட்டில் மிச்சம்பிடித்தால் அது வீட்டு வருமானம். கஞ்சி ஏன் நீர்த்தது என்று கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கடினம் அடமான ஏலம். தீர்ப்பு வந்ததும் அறிவிப்பைப் பொது இடங்களில் ஒட்டி, செய்தித்தாளில் வெளியிட்டு, நீதிமன்ற வாசலில் ஏலம் போடவேண்டும். அறிவிப்பு நாட்கள் குறைந்தால் ஏலம் ரத்தாகலாம். எடுத்தவருக்குக் கையோடு கிரயப் பத்திரம் கிடையாது, சான்றிதழ்தான். அயோவாவில் கடன்பட்டவர் 1 ஆண்டுக்குள் பணம் கட்டி நிலத்தை மீட்கலாம்; மீட்காவிட்டால்தான் ஷெரீபின் பத்திரம்.

1930-களில் சோள விலை சரிந்தபோது மாடு, கலப்பை ஏலங்களில் 'பென்னி ஏலம்' வந்தது. அக்கம்பக்கத்தார் கூடி நின்று ஒரு குதிரையைச் சில சென்ட்டுக்குக் கேட்பார்கள். வெளியாள் வாய் திறந்தால் தோளோடு தோள் நெருக்குவார்கள். களஞ்சியத்தில் ஒரு தூக்குக்கயிறும் தொங்கும். ஏலம் முடிந்ததும் எல்லாம் பழைய சொந்தக்காரருக்கே திரும்பும். ஷெரீபால் செய்யக்கூடியது ஏலத்தை ஒத்திவைப்பது அல்லது கேட்ட விலைக்குத் தட்டுவது. கூட்டத்தில் நிற்பவர்களில் அவருடைய ஜாமீன்தாரரும் இருக்கலாம். 1933 ஏப்ரலில், எல்க் ஹார்ன் இருக்கும் ஷெல்பிக்கு வடக்கே ஒட்டிய க்ராஃபர்ட் கவுண்டியில், பண்ணை ஏலத்துக்குப் போன அதிகாரிகளைக் கூட்டம் தாக்கியது; ஆளுநர் ராணுவச் சட்டம் பிறப்பித்தார். மின்னசோட்டா அதே ஆண்டு மீட்புக் காலத்தை நீட்டிச் சட்டம் போட்டது. 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை ஏற்றது. ஏலம் விட்ட ஷெரீப் ஒருவர், பத்திரத்தில் கையெழுத்திடுபவர் அடுத்த தேர்தலில் வந்த இன்னொருவர் என்பது அதன்பின் அங்கே எளிதில் நேரக்கூடியதாயிற்று.