சல்லடையைப் பிடித்த கைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் தன்னுடைய இசைத்தட்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள ஏழு அங்குல சிங்கிள்கள். ஆஸ்திரேலிய ராக் என்றால் ஏசி டிசி, இன்எக்சஸ், மிட்நைட் ஆயில் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். இந்தப் பெட்டியில் இருப்பவர்களோ ஸ்பெக்ட்ரம், தி மிக்சர்ஸ், தி லவ்ட் ஒன்ஸ், தி ரீல்ஸ். ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு பழைய பிளேயர் வாங்கி இரவுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில பாடல்கள் மனதை விட்டு நீங்க மறுக்கின்றன.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். “காலம் ஒரு சல்லடை. நல்ல பாட்டு தங்கும், மற்றது உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அதுவும் இது உங்கள் இளமைக்காலப் பாட்டுகூட அல்ல. அடுத்தவனுடைய பழைய நினைவுக்கு நீங்கள் ஏன் ஏங்க வேண்டும்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரிதானா? சரியில்லை என்றால், இந்தப் பாடல்களில் எவற்றை நான் தேடிக் கேட்க வேண்டும்?

அன்புடன்,
ர., மெல்பர்ன்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவராக இருக்க வேண்டும். காலத்தைச் சல்லடையாக்கும் அந்த வாதத்தை நான் அங்கேதான் அதிகம் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் சல்லடையின் மேலே தங்கியவர்கள். சலிக்கும் வேலையைக் காலம் செய்வதில்லை, மனிதர்கள் செய்கிறார்கள். பாப் இசையில் அது யாருடைய கை என்பதை ஆண்டும் மாதமும் சொல்லிக் காட்டிவிடலாம்.

1970ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள், எங்கள் தட்டுகளை ஒலிபரப்பினால் பணம் தர வேண்டும் என்று வணிக வானொலி நிலையங்களிடம் கேட்டன. நாங்கள் போடுவதால்தானே உங்கள் தட்டுகள் விற்கின்றன, நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்றன நிலையங்கள். இரண்டு பக்கமும் இறங்கி வரவில்லை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை அந்த நிறுவனங்கள் வெளியிட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் பாடல்களை நிலையங்கள் ஒலிபரப்பாமல் ஒதுக்கிவைத்தன. அமெரிக்கப் பாடல்கள் மட்டும் தங்குதடையின்றி ஒலித்தன. உள்ளூர்க் குழுக்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. தங்கள் நிறுவனம் வேறொருவரோடு போட்ட சண்டையில் அவர்களுடைய உழைப்பு அகப்பட்டுக்கொண்டது. தி மாஸ்டர்ஸ் அப்ரெண்டிசஸ் என்ற அடிலெய்டு குழுவின் ‘டர்ன் அப் யுவர் ரேடியோ’ அந்த ஆண்டில்தான் வந்தது. வானொலியின் சத்தத்தைக் கூட்டச் சொல்லும் பாடலுக்கு வானொலி மூடிக் கிடந்த ஆண்டு வாய்த்திருக்கிறது!

மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு சன்னல் திறந்திருந்தது. ரான் டியூடர் என்பவர் அப்போதுதான் ஃபேபிள் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அது அந்தச் சண்டையில் சேரவில்லை. ஒலிபரப்ப முடியாத பிரிட்டிஷ் பாடல்களை உள்ளூர்க் குழுக்களைக் கொண்டு மறுபடி பாடவைத்து வெளியிட்டார். உங்கள் பெட்டியில் இருக்கும் தி மிக்சர்ஸ் அப்படித்தான் மங்கோ ஜெர்ரியின் ‘இன் தி சம்மர்டைம்’ பாடலைப் பாடி முதலிடம் பிடித்தார்கள். உடனே அதே அச்சில் சொந்தமாக ஒரு பாட்டு: ‘தி புஷ்பைக் சாங்’. ஆஸ்திரேலியாவில் முதலிடம், 1971 தொடக்கத்தில் பிரிட்டனில் இரண்டாம் இடம். கேட்க இனிமையான, கொஞ்சம் அசட்டுத்தனமான பாட்டு. சைக்கிளில் போகும் பெண்ணின் பின்னால் பாடகனும் சைக்கிளில் போகிறான், அவ்வளவுதான். தடை இல்லாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அந்த வழி திறந்திருக்குமா என்பது சந்தேகம். அதற்காகப் பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆண்டில் தங்கியதற்கும் உதிர்ந்ததற்கும் தரத்தோடு என்ன தொடர்பு என்று உங்கள் நண்பர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று தூரம். மெல்பர்னிலிருந்து பெர்த் சாலை வழியே மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ‘கோ-செட்’ வார இதழ் 1966இல் நாடு முழுவதற்குமான தரவரிசையை வெளியிடும்வரை ஒவ்வொரு நகரத்துக்கும், ஏன் ஒவ்வொரு வானொலி நிலையத்துக்கும், தனிப் பட்டியல்தான். அடிலெய்டில் தெருவெல்லாம் பாடிய பாட்டைச் சிட்னியில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். தொலைக்காட்சி வந்து எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தது உண்மை. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் ‘கவுண்ட்டவுன்’ என்ற பாப் இசை நிகழ்ச்சி 1974 முதல் 1987 வரை ஓடியது. அதன் தொடக்க ஆண்டு நாடாக்கள் பலவற்றை அழித்து, அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்துவிட்டார்கள். நாடாவுக்குச் செலவாகும் காசை மிச்சம் பிடித்ததற்குக் காலத்தின் தீர்ப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தூரத்தின் விளையாட்டை முழுமையாக அனுபவித்தவர்கள் பிரிஸ்பேனைச் சேர்ந்த தி செயின்ட்ஸ். எந்த நிறுவனமும் சீந்தாததால் 1976 செப்டம்பரில் சொந்தக் காசில் ‘ஐ’ம் ஸ்ட்ராண்டட்’ சிங்கிளை 500 பிரதிகள் அச்சிட்டார்கள். நிறுவனத்தின் பெயர்கூட அவர்களே வைத்துக்கொண்டதுதான், ஃபேட்டல் ரெக்கார்ட்ஸ். பங்க் என்ற முரட்டு ராக் பாணியின் லண்டன் குழுக்கள் ஒன்றுகூட அதுவரை சிங்கிள் வெளியிட்டிருக்கவில்லை. ஒரு பிரதி கடல் கடந்து லண்டனின் ‘சவுண்ட்ஸ்’ இதழுக்குப் போனது. இந்த வாரத்துக்கு மட்டுமல்ல, எல்லா வாரத்துக்கும் இதுவே சிறந்த சிங்கிள் என்று அந்த இதழ் எழுதியது. பிறகு பெரிய இசைத்தட்டு நிறுவனமான ஈஎம்ஐயின் லண்டன் அலுவலகம் சொல்லித்தான் சிட்னி அலுவலகம் இவர்களைத் தேடிப்போய் ஒப்பந்தம் செய்தது. லண்டன் சொன்னால்தான் பக்கத்து ஊர்க்காரனின் பாட்டு காதில் விழும் என்ற இந்த நோய் நமக்கும் பழக்கமானதுதான், விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆண்டு கழித்து பெர்த்தின் தி ட்ரிஃபிட்ஸ் குழுவுக்கும் இதுவே நடந்தது. 1986இல் வந்த ‘வைட் ஓப்பன் ரோடு’ பிரிட்டனில் 26ஆம் இடம்வரை போனது. சொந்த நாட்டில் முதல் ஐம்பதுக்குள்கூட வரவில்லை.

உங்கள் பெட்டியில் தி ரீல்ஸ் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தட்டு என்று சொல்லவில்லை. ‘குவாசிமோடோஸ் ட்ரீம்’ என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ரீல்ஸ் நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டில் உள்ள டப்போ என்ற ஊரிலிருந்து வந்தவர்கள். பாடகர் டேவ் மேசன் எழுதிய இந்தப் பாட்டு 1981இல் வெளியானபோது முதல் ஐம்பதைத் தொடவில்லை. கிட்டாரின் ஆர்ப்பாட்டம் இல்லாமல் சின்தசைசரின் மெல்லிய, குளிர்ந்த ஒலியும் தனிமையில் இருப்பவனின் குரலும் மட்டும் ஒலிக்கும் பாட்டு. வியர்வையும் பீர் வாடையும் நிறைந்த பப் மேடைகளே ஆஸ்திரேலிய ராக்கின் கோயில்களாக இருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தின் நடுவே இந்தப் பாட்டுக்கு யார் காது கொடுப்பார்கள்?

பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதை எடுத்துப் பாடியவர் ஜிம்மி லிட்டில். யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த பூர்வகுடிப் பாடகர். 1963இல் ‘ராயல் டெலிபோன்’ என்ற பக்திப் பாட்டால் நாடறியப் புகழ்பெற்றவர். பூர்வகுடிகள் மக்கள்தொகைக் கணக்கில்கூடச் சேர்க்கப்படாத நாட்டில் அந்தக் குரல் வீடுவீடாக ஒலித்தது. பிறகு அவரையே நாடு மெல்ல மறந்தது. 1999இல் ‘மெசஞ்சர்’ என்ற தொகுப்பில், தன்னைவிட மிக இளையவர்களான ராக் குழுக்களின் பாடல்களை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாத தன் குரலில் பாடினார். ரீல்ஸின் பாட்டும் அதில் ஒன்று. மேசனின் குரலில் இளைஞனின் கசப்பாக இருந்தது, அறுபதைத் தாண்டிய மனிதரின் குரலில் அமைதியான துயரமாக மாறியிருப்பதைக் கேட்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 2001இல் ஆஸ்திரேலியாவின் இசை உரிமைச் சங்கம் நாட்டின் மிகச் சிறந்த பாடல்களைத் தேர்ந்தெடுத்தபோது ‘குவாசிமோடோஸ் ட்ரீம்’ அதில் இடம்பெற்றது. ஜிம்மி லிட்டில் 2012இல் காலமானார், அதே டப்போவில்.

‘மெசஞ்சர்’ தொகுப்பில் இருக்கும் இன்னொரு பாட்டு ‘கேட்டில் அண்ட் கேன்’. அதை எழுதியவர் தி கோ-பிட்வீன்ஸ் குழுவின் கிராண்ட் மெக்லெனன். லண்டனில் இருந்துகொண்டு, இன்னொரு ஆஸ்திரேலியப் பாடகரான நிக் கேவின் கிட்டாரை எடுத்து வாசித்து, குவீன்ஸ்லாந்தின் கரும்பு வயல்களையும் பள்ளிக்கூடத்திலிருந்து ரயிலில் வீடு திரும்பும் சிறுவனையும் பற்றி எழுதினார். 1983இல் வந்த சிங்கிள். தாளம் எண்ணிப் பார்த்தால் கணக்கு இடறும். அது வெற்றிப் பாடல் ஆகவில்லை. இப்போது பிரிஸ்பேன் ஆற்றின் மேல் அந்தக் குழுவின் பெயரில் ஒரு பாலமே இருக்கிறது.

நாடு மிகக் குறைவாகக் கேட்டது வாரும்பி பேண்டை என்று சொல்வேன். மத்தியப் பாலைநிலத்தில் பபுன்யா என்ற சிறு குடியிருப்பிலிருந்து வந்த குழு. 1983இல் அவர்கள் வெளியிட்ட ‘ஜெயிலாங்குரு பக்கர்னு’ லுரிட்ஜா மொழியில் பாடப்பட்டது. பூர்வகுடி மொழி ஒன்றில் வந்த முதல் ராக் சிங்கிள் அதுதான். சிறையிலிருந்து வெளியே வந்தவனின் பாட்டு. அவர்களே பிறகு பாடிய ‘மை ஐலண்ட் ஹோம்’, கடலோரத் தீவில் பிறந்து பாலைநிலத்தில் வாழ்பவனின் ஏக்கம். முதலில் அதைப் பலர் கவனிக்கவில்லை. 1995இல் டோரஸ் நீரிணைத் தீவுகளின் வழிவந்த கிறிஸ்டின் அனு அதைப் பாடினார். 2000இல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் உலகமே கேட்டது.

மறந்துபோனதெல்லாம் மாணிக்கம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அரைவேக்காட்டு பீட்டில்ஸ் நகல்கள் வண்டி வண்டியாக வந்தன. அவை மறக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. அரிதாகக் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு தட்டை உயர்ந்தது என்று கொண்டாடும் சேகரிப்பாளர்களிடமும் எனக்குப் பொறுமை கிடையாது.

இனி “அடுத்தவனுடைய நினைவு” என்ற இரண்டாவது குற்றச்சாட்டு. ஆஸ்திரேலியாவில் எல்லோரும் அறிந்த பாட்டு தி ஈசிபீட்ஸ் 1966இல் பாடிய ‘ஃப்ரைடே ஆன் மை மைண்ட்’. நான் சொன்ன 2001 பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். அந்தக் குழு 1964இல் சிட்னியின் வில்லவுட் குடியேறிகள் விடுதியில் உருவானது. ஐந்து பேரில் ஒருவர்கூட ஆஸ்திரேலியாவில் பிறந்தவரல்ல. மூவர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள், இருவர் நெதர்லாந்திலிருந்து. உங்கள் பெட்டியின் ஸ்பெக்ட்ரம் குழுவுக்குப் பாட்டெழுதிய மைக் ரட் நியூசிலாந்துக்காரர். அந்த வில்லவுட் விடுதி இருந்த இடத்தில்தான் பின்னாளில் குடிவரவுத் தடுப்பு முகாம் வந்தது. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் அதனுள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த மண்ணின் பாட்டு யாருடையது என்று உங்கள் நண்பரிடமே கேட்டுப் பாருங்கள். தவிர, நாம் பிறப்பதற்கு முன் வந்த திரைப்பாடல்களுக்குக் கண்கலங்காத தமிழர் யாராவது உண்டா? அதை மட்டும் அவர் அடுத்தவன் நினைவு என்று சொல்வாரா?

கடைசியாக, எவற்றைத் தேடுவது? பெட்டியில் இருக்கும் ஸ்பெக்ட்ரம் தட்டு பெரும்பாலும் 1971இன் ‘ஐ’ல் பி கான்’ ஆக இருக்கும். தொடக்கத்தில் வரும் ஹார்மோனிகாவைக் கேட்டாலே தெரிந்துவிடும். நீண்ட பாடல்களுக்கு ஆட முடியவில்லை என்று கூட்டம் குறைபட்டதால், அதே குழுவினர் தங்கள் பெயரைத் தலைகீழாக்கி மர்ட்செப்ஸ் என்று வைத்துக்கொண்டு எளிய பாட்டுகளுடன் இன்னொரு குழுவாகவும் மேடையேறினார்கள். அந்தத் தட்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். தி லவ்ட் ஒன்ஸின் ‘தி லவ்ட் ஒன்’ கிடைத்தால் கைதட்டல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். மரபான ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ராக்குக்கு வந்ததன் தடம் அங்கே தெரியும். நீங்கள் அறிந்த இன்எக்சஸ் அந்தப் பாட்டை இரண்டு முறை பதிவுசெய்தார்கள், இரண்டும் மூலத்துக்கு ஈடாகாது என்பது என் கட்சி. ஃபிளாஷ் அண்ட் தி பேன் என்ற பெயரில் 1976இல் வந்த ‘ஹே செயின்ட் பீட்டர்’ கிடைத்தால் உடனே திருப்பிப் போடுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் ‘வாக்கிங் இன் தி ரெயின்’ பாட்டைத்தான் 1981இல் ஜமைக்காவில் பிறந்த பாடகி கிரேஸ் ஜோன்ஸ் எடுத்துப் பாடினார். செயின்ட்ஸின் அந்த 500 பிரதிகளில் ஒன்றை யாராவது விற்பதாகச் சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள், பாட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பெரியவர் இருக்கும் இல்லத்துக்குப் போய்வர முடியுமென்றால், எந்தத் தட்டை எந்த ஊரில் வாங்கினார் என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்