கயாக் தூண்டில் போட்டி: ‘தீவு பர்மிட்’டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மண்டபம் பக்கம் ஊர். போன வருடம் ஒரு கயாக் வாங்கி, ஓரளவு துடுப்பு போடப் பழகிவிட்டேன். ஆடி மாதம் கயாக் தூண்டில் போட்டி நடத்தப்போவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். மீனை அளந்து, படம் எடுத்துவிட்டு, கடலிலேயே விட்டுவிட வேண்டுமாம். இடம் மனோலித் தீவு ஓரம். நுழைவுக் கட்டணம் போக, ‘வனத்துறை பர்மிட்’ என்று தனியாக நாலாயிரம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், தம்பி. மனோலி, மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1986-இல் அறிவித்த பூங்கா அது. இங்கிருந்து தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும் அதில் அடக்கம். அங்கே விளையாட்டுக்குத் தூண்டில் போட பர்மிட் என்று ஒன்று கிடையாது. இல்லாத சீட்டை அவர் எங்கிருந்து வாங்கித் தருவார்? ‘பிடித்து விட்டுவிடுகிறோமே’ என்று அவர் சமாதானம் சொல்லலாம். பூங்காவுக்குள் பிடித்தால் பிடித்ததுதான். மாட்டினால் கயாக்கும் தூண்டிலும் உங்களுடையவை, வழக்கும் உங்கள் பேரில்தான் வரும். அவர் அந்த நேரம் போனை எடுக்க மாட்டார்.

‘குருசடைத் தீவுக்கு வனத்துறையே ஆள் கூட்டிப்போகிறதே?’ என்று கேட்பீர்கள். உண்மைதான். குந்துகால் பக்கமிருந்து படகு போகிறது. ஆனால் அது வனத்துறையின் படகு, வனத்துறையின் டிக்கெட், அவர்கள் சொல்லும் நேரம். பார்த்துவிட்டு அதே படகில் திரும்ப வேண்டும். சொந்தக் கயாக்கில் போக அந்த டிக்கெட் செல்லாது. தூண்டிலோடு போகவும் செல்லாது. குருசடைக்குக் கொடுத்த டிக்கெட் மனோலிக்கும் செல்லாது. இந்த ஒரு டிக்கெட்டைக் காட்டித்தான் பாதிப் பேரை ஏமாற்றுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு விளக்கம். பணம் கேட்பவரிடம் துறையின் முத்திரையோடு, உங்கள் பெயரில் ரசீது கேளுங்கள். ‘மொத்தமாகப் போட்டாச்சு, தனித்தனியாகத் தர மாட்டார்கள்’ என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட ஆட்கள் முளைப்பதற்கு அலுவலகங்களும் காரணம். கயாக்கில் தூண்டில் போட எங்கே தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டால், மீன்துறையில் வனத்துறையைக் காட்டுகிறார்கள், வனத்துறையில் கடலோரக் காவலைக் காட்டுகிறார்கள். எது கூடும், எது கூடாது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து மண்டபம் ஜெட்டியில் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

போட்டி ஆசையை விட வேண்டாம். அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு நடக்கும் கயாக் போட்டிகளின் முறை எளிது. எடை கிடையாது, நீளம்தான் கணக்கு. பெரும்பாலும் ஐந்து நீளமான மீன்களைக் கூட்டுவார்கள். அளவுப் பலகையின் தடுப்பில் மீனின் மூடிய வாய் தொட்டிருக்க வேண்டும், தலை இடது பக்கம். அன்றைக்குக் கொடுத்த அடையாள எண்ணும் படத்தில் விழ வேண்டும். வாய் லேசாகத் திறந்திருந்தாலே அளவைக் குறைப்பார்கள், இல்லை தள்ளுவார்கள்.

நம் ஊரில் அந்த இடம் கொடுவாவுக்கு. செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி, தூண்டில் நரம்பையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். கையுறை போட்டு, கீழ்த்தாடையைப் பிடித்து, வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுங்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். நீளத்துக்காக நீங்கள் தேடும் பெரியவை அநேகமாக முட்டையிடும் பெண்கள். பலகையை முதலில் நனையுங்கள், ஒரே படம், உடனே தண்ணீரில் விடுங்கள்.

இனி காற்று. ஆடியில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும்; வடகடல், அதாவது பாக் விரிகுடா, குளம் மாதிரி கிடக்கும். போட்டியை வடகடலுக்கு மாற்றுவதாக அவர் சொன்னாலும் உஷாராக இருங்கள். தெற்கேயிருந்து அடிக்கும் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். கரையோரம் அலை எழாது, அதை நம்பித்தான் ஆட்கள் போகிறார்கள். திரும்பும்போதுதான் துடுப்பின் கனம் தெரியும். தள்ளிக்கொண்டு போகும் திசையில் சர்வதேச எல்லையும் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், கயாக்கில் கட்டி வைக்காதீர்கள். போனை நீர்புகா உறையில் போட்டு, கடலோரக் காவல் படை 1554, கடலோரக் காவல் துறை 1093 இரண்டையும் பதிந்து வையுங்கள்.

அந்த நபரிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: போட்டி நேரத்தில் மோட்டார் வைத்த காவல் படகு எத்தனை நிற்கும், யாருடையது? படகுக்காரரின் பெயரும் நம்பரும் வராவிட்டால், தீவு வேண்டாம், வடகடலும் வேண்டாம், நுழைவுக் கட்டணத்தையும் கட்டாதீர்கள்.