மே மாதத்து எட்டு நிமிடம்

வணக்கம் சார்,

எனக்கு 46 வயது. ஒன்றரை வருடமாகப் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் காலையில் ஓடுகிறேன். தொடங்கியபோது ஒரு கிலோமீட்டர்கூட நிற்காமல் ஓட வராது. ஜனவரியில் 10 கி.மீ. தூரத்தை 1 மணி 14 நிமிடத்தில் முடித்தேன். இப்போது, மே மாதத்தில், அதே தூரத்துக்கு 1 மணி 22 நிமிடம் ஆகிறது. குழுவில் என்னோடு சேர்ந்தவர்கள் 55 நிமிடத்தில் ஓடி, ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில் போடுகிறார்கள். வீட்டில் மெடலைக் காட்டினால் "எத்தனாவது வந்தே?" என்கிறார்கள். வேகம் கூடட்டும் என்று வாரத்தில் ஆறு நாளும் ஓடிப் பார்க்கிறேன், முன்னங்காலில் (முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம்) வலிதான் மிச்சம். நான் முன்னேறுகிறேனா, இல்லையா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

ஜனவரியையும் மே மாதத்தையும் ஏன் ஒப்பிடுகிறீர்கள்? ஜனவரி விடியலில் சென்னையில் 21, 22 டிகிரி இருக்கும். மே மாதத்தில் ஐந்து மணிக்கே 28 இருக்கும், கூடவே கடலோரப் புழுக்கம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் அது சட்டையை நனைப்பதோடு சரி. சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் போயாக வேண்டும், கால்களுக்கும் போயாக வேண்டும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. அந்த எட்டு நிமிடம் புழுக்கத்தின் கணக்கு. போன மே மாதம் எப்படி ஓடினீர்கள் என்று போனில் தேடிப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது அதோடுதான்.

பஞ்சாபில் பிறந்த மாரத்தான் ஓட்டக்காரர் ஃபௌஜா சிங் 2000இல் லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிடத்தில் ஓடினார். 2003இல் டொராண்டோவில் 5 மணி 40 நிமிடம். 2011இல் அதே டொராண்டோவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நேரத்தை மட்டும் பார்த்தால் சரிவு. ஆனால் முதல் ஓட்டத்தில் அவருக்கு 89 வயது, கடைசியாகச் சொன்னதில் நூறு! (பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. 1911இல் பஞ்சாப் கிராமத்தில் யார் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள்?)

அந்த 55 நிமிடக்காரர்களின் வயதை நீங்கள் எழுதவில்லை. பள்ளியில் விளையாடியவர்களா, சமையலை முடித்துவிட்டு வருபவர்களா, அதுவும் இல்லை. பாஸ்டன் மாரத்தானில்கூட ஆண், பெண், வயது என்று பிரித்துத்தான் தகுதி நேரம் வைத்திருக்கிறார்கள். ஸ்ட்ராவாவைத் திறந்தால் பொதுவாக அப்படிப் பிரிக்காமல் எல்லாரையும் வரிசையாகக் காட்டுகிறது. கொஞ்ச நாள் அதைத் திறக்காமல் இருந்து பாருங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

வேறு சிலவற்றைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறதா? நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடிகிறதா? இவை மெல்ல மாறும், மாறும்போது யாரும் மெடல் தரமாட்டார்கள். ஒரு கிலோமீட்டர் ஓட முடியாதவர் பத்து ஓடுகிறீர்கள். இதை முன்னேற்றம் இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

"எத்தனாவது" என்று கேட்டால் உள்ள இடத்தைச் சொல்லிவிடுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஓடும் இடத்தில் அதில் கூச என்ன இருக்கிறது?

எனக்குக் கவலை தருவது உங்கள் நேரம் அல்ல, அந்த ஆறு நாள்தான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அப்படியில்லை, அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டும்போது அடி வாங்குவது முன்னங்கால் எலும்பு. முதலில் வலி தணியும்வரை ஓட்டத்தை நிறுத்துங்கள். அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் போதும், அதிலும் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தும்போது சுரீரென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மயிரிழை முறிவாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எக்ஸ்ரே மட்டும் போதுமா என்றும் அவரிடம் கேளுங்கள்.