அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் அடிமை முறையா, வரிச் சண்டையா?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வழிகாட்டிப் புத்தகங்களில்தான் "வடக்கே தொழிற்சாலை, தெற்கே விவசாயம், இறக்குமதி வரியில் தகராறு, அதனால் போர்" என்று நாலு வரியில் முடித்திருப்பார்கள். கல்லூரியில் அடிமை முறைதான் முதல் காரணம் என்று நான் எழுதியதற்குப் பேராசிரியர் சிவப்பு மையில் சுழித்து, "பொருளாதாரக் காரணம் எங்கே?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். இருபது வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. தெற்கில் அடிமை முறைதானே பொருளாதாரம்! அங்கே பருத்திக் காடுகளில் வேலை செய்தது அடிமைகள்தான்.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. லீவு நாளில் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போவேன். வெடித்த காயின் ஓட்டுமுனை நகக்கண்ணில் குத்தும், மத்தியானம் சோற்றில் கை வைத்தால் விரலெல்லாம் எரியும். மடி நிறைய எடுத்துக் கொண்டுபோனாலும் தராசில் ஒன்றுமே இருக்காது. கூலி எடைக்குத்தான். எடை போடுகிற ஆள் ஈரம் என்று சொல்லிக் கொஞ்சம் கழிப்பார், அந்த வெயிலில் காய்ந்த பருத்தியில் எங்கே ஈரம்? அம்மா ஒருநாளும் எதிர்த்துக் கேட்டதில்லை, எனக்கு இன்றைக்கும் அந்த ஆள் மேல் கோபம்தான். சரி, இரண்டையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார், பிடிக்காத காட்டுக்கு மறுநாள் போகமாட்டார், என்னை யாரும் ஏலத்தில் விற்கவில்லை. அந்த வேலை என் கைக்குத் தெரியும், அவ்வளவுதான் சொல்கிறேன்.

1793இல் அமெரிக்காவில் எலி விட்னி என்பவர் செய்த இயந்திரம் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிப்பதை மட்டும்தான் சுலபமாக்கியது. செடியிலிருந்து எடுப்பது கையால்தான். அதனால் இயந்திரம் வந்தபிறகு அடிமைகள் குறையவில்லை, 1790இல் சுமார் 7 லட்சம் பேர் இருந்தது 1860இல் கிட்டத்தட்ட 40 லட்சம் ஆனது. அந்த நேரம் நாட்டின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி. வடக்கு ஒன்றும் புனிதமில்லை, அங்கிருந்த ஆலைகளும் இந்தப் பஞ்சில்தான் ஓடின.

வரிச் சண்டை 1832இல் தென் கரோலினா மாநிலத்தில் நிஜமாகவே நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1857இல் வரியைக் குறைத்துவிட்டார்கள். மறுபடி கூட்டிய மோரில் சட்டம் 1861 மார்ச்சில் கையெழுத்தானபோது தெற்கில் ஏழு மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்துபோய் முடிந்திருந்தது. அந்தப் பிரிவினைதான் போரில் போய் முடிந்தது. அப்புறம் மாநில உரிமை என்று ஒன்று சொல்வார்கள், அதாவது மாநிலங்களின் விஷயத்தில் மத்திய அரசு தலையிடக்கூடாது என்பதற்காகத்தான் தெற்கு பிரிந்தது என்று. தப்பி வந்த அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பதுதான் தென் கரோலினாவின் பிரிவினை அறிக்கையில் பெரிய குறை, அப்படியானால் வட மாநிலங்களுக்கு உரிமை கிடையாதா? இன்னொரு தென் மாநிலமான மிசிசிப்பியின் அறிக்கையோ தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

தேர்வுக்கு என்றால் 1820 மிசூரி உடன்பாடு, 1850 தப்பியோடிய அடிமைகள் சட்டம், 1854 கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் (முதலாவதும் இதுவும் புதுப் பகுதிகளில் அடிமை முறையை விடலாமா என்பது பற்றியவை), 1857 ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கின் தீர்ப்பு, இந்த நாலையும் வரிசையாகப் படியுங்கள். ஒன்றில்கூடச் சண்டை வரிக்காக இல்லை.