ஒரே வெட்டு, இரண்டு முடிவு

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். "நரம்பு நுனிக்குள் கால்சியம் வந்ததும், செய்தி கடத்தும் வேதிப்பொருளான நரம்புக்கடத்தி வெளியேறும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். போன வாரம் ஒரு மாணவி, "அதை யார் டீச்சர் வெளியே தள்ளுறாங்க?" என்று கேட்டுவிட்டாள். தேடிப் பார்த்தால் வாயில் நுழையாத புரதப் பெயர்கள். இதையெல்லாம் நடத்தத்தான் வேண்டுமா? டோபமின் என்ற நரம்புக்கடத்தியைக் கூட்ட வழி உண்டா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோபமின் விஷயத்தை விடுங்கள். மூளையில் எந்த இடத்தில் என்று கேட்காமல் கூட்டுவதையும் குறைப்பதையும் பற்றிப் பேசுவது வீண் பேச்சு.

அந்தப் பெண்ணிடம் என் அன்பைச் சொல்லுங்கள். நரம்புக்கடத்தி சிறுசிறு பொட்டலங்களாக வெளியேறுகிறது என்று நரம்பியல் விஞ்ஞானி பெர்னார்ட் காட்ஸ் 1950களிலேயே காட்டிவிட்டார். தள்ளுவது யார் என்று தெரிய 1990கள் வரை ஆனது. அவ்வளவு பெரிய கேள்வியை ஒரு குழந்தை கேட்கிறாள், நீங்கள் பெயர் வாயில் நுழையவில்லை என்கிறீர்கள். இது சரியில்லை, டீச்சர்.

நரம்பு நுனியில் சுமார் 40 நானோமீட்டர் அகலமுள்ள நுண்பைகள் சவ்வை ஒட்டிக் காத்திருக்கின்றன. பையின் மேல் சினாப்டோபிரெவின் என்ற புரதம், செல் சவ்வில் சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற இரண்டு புரதங்கள். மூன்றும் ஜிப் இழுத்ததுபோல முறுக்கிக்கொள்ளும்போது இரண்டு சவ்வுகளும் நெருங்கி ஒன்றாகிவிடும். கால்சியம் வந்ததை உணர்வது சினாப்டோடாக்மின் என்ற இன்னொரு புரதம். அது உணர்ந்த பிறகு ஒரு மில்லி விநாடிகூட ஆகாது, பை திறந்துவிடும். 2013இல் ராத்மன், ஷெக்மன், ஸூதோஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பைகளின் போக்குவரத்துக்காகத்தான்.

சிறு வயதில், ரணஜன்னி (டெட்டனஸ்) கண்ட உறவினர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். வெளியே யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கே அவர் முதுகு வில்லாக வளைந்து படுக்கையை விட்டு எழும்பியது. தாடை இறுகிப்போய் அவரால் கத்தக்கூட முடியவில்லை. நரம்பு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டிருக்கிறது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நடந்ததோ நேர்மாறு. டெட்டனஸ் நஞ்சு சினாப்டோபிரெவினை வெட்டுகிறது. கெட்டுப்போன உணவில் பாக்டீரியா உண்டாக்கும் பொட்டுலினம் நஞ்சின் பி வகையும் அதே புரதத்தை, அதே இடத்தில், 76ஆவது அமினோ அமிலத்துக்கும் 77ஆவதற்கும் நடுவில்தான் வெட்டுகிறது. 1992இல் இது தெரியவந்தது. ஆனால் பொட்டுலினத்தில் தசை துவண்டுபோகும், டெட்டனஸில் விறைத்துப்போகும்.

இதை அழுத்தி நடத்துங்கள், ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் பரவாயில்லை. பொட்டுலினம் நரம்பும் தசையும் சேரும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. அங்கே தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புக்கடத்தியான அசிட்டைல்கோலின் வெளிவராது, தசை சுருங்காது. டெட்டனஸ் நஞ்சு நரம்பின் உள்வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. அவை வெளிவிடும் அடக்கும் நரம்புக்கடத்திகளான கிளைசினும் காபாவும் நின்றுபோகின்றன. தசையை அடக்க ஆளில்லை. இரண்டிலும் புரதம் ஒன்று, வெட்டு ஒன்று. எந்த நரம்பணுவில் என்பதுதான் வேறு. வெறும் பெயர்ப் பட்டியலை ஒப்பிக்க வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் இது பிடிபடாது. இந்த இரண்டு நோயாளிகளையும் முதலில் காட்டுங்கள், பெயர்களை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் அந்த மாணவி, வெட்டுப்பட்டது திரும்ப வளருமா என்று நிச்சயம் கேட்பாள். வளரும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். நரம்புக்குள் போய்விட்ட நஞ்சை எதிர்மருந்து எட்டாது. நரம்பு நுனி தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை மூச்சு நின்றுவிடாமல் ஆளைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.